ஆளறிந்து அமையும் சிகிச்சை

1952-இல் லண்டனைச் சேர்ந்த ஹான்ஸ் ஐசென்க் என்ற உளவியலாளர் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரையை வெளியிட்டார். அதுவரை வந்திருந்த 24 ஆய்வுகளிலிருந்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை அவர் தொகுத்துப் பார்த்திருந்தார். பதற்றம், மனக்கலக்கம் போன்ற தொல்லைகளோடு வருபவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இரண்டு ஆண்டுகளுக்குள் தேறிவிடுகிறார்கள் என்றார். சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களும் தேறுகிறார்கள், எடுத்துக்கொள்ளாதவர்களும் தேறுகிறார்கள். அப்படியானால் பேசிப் பேசியே மனநோயைத் தீர்க்கிறோம் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார்.

உளச்சிகிச்சையின் முன்னோடிகளான பிராய்டும் ப்ராயரும் ஹிஸ்டீரியா பற்றிய தங்கள் நூலை வெளியிட்டது 1895-இல். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் உளச்சிகிச்சை வளர்ந்திருந்தது. சிந்தனைப் பள்ளிகள் பல தோன்றியிருந்தன. எங்கள் முறையே சரி என்று ஒவ்வொரு பள்ளியும் சொல்லிவந்ததே தவிர, அதை எண்ணிக்கையில் காட்ட எவரிடமும் பதில் இல்லை. ஐசென்க்கின் கணக்கில் குறைகள் இருந்தன. ‘சிகிச்சை பெறாதவர்கள்’ என்று அவர் எடுத்துக்கொண்டவர்களில் பலருக்குப் பொது மருத்துவர்களின் கவனிப்பு கிடைத்திருந்தது. ஆனாலும் அவர் கேட்ட கேள்வி நியாயமானது. மனத்துக்கான சிகிச்சை என்று சொன்னால் அது வேலை செய்கிறதா, எதனால் செய்கிறது, யாருக்குச் செய்கிறது என்று கேட்கத்தான் வேண்டும். அந்த மூன்று கேள்விகளுக்கும் கடந்த எழுபது ஆண்டுகளில் கிடைத்த விடைகள்தாம் இன்று ‘ஒருங்கிணைந்த உளச்சிகிச்சை’ என்று அழைக்கப்படும் அணுகுமுறைக்கு அடிப்படை.

எல்லா முறைகளும் ஏறக்குறைய சமம்

முதல் கேள்விக்கு விடை 1977-இல் வந்தது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி லீ ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் 375 ஆய்வுகளைத் திரட்டி, அவற்றின் முடிவுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து கணக்கிட்டார்கள். சிதறிக் கிடக்கும் பல ஆய்வுகளை இப்படிச் சேர்த்துக் கணிக்கும் முறை இன்று மருத்துவம் முழுவதிலும் பயன்படுகிறது. அந்த முறைக்குப் பெயர் சூட்டியவரே கிளாஸ்தான். உளச்சிகிச்சை பெற்ற ஒரு சராசரி மனிதர், அதைப் பெறாதவர்களில் நூற்றுக்கு 75 பேரைவிட நல்ல நிலையில் இருந்தார் என்று அவர்கள் கண்டார்கள். உளச்சிகிச்சை பலன் தருகிறது என்பது அன்று தெளிவாயிற்று.

அதே கணக்கில் இன்னொரு முடிவும் இருந்தது. எந்தப் பள்ளியின் முறை சிறந்தது என்று ஒப்பிட்டபோது பெரிய வேறுபாடு தென்படவில்லை. இளம்பருவ நினைவுகளைத் தோண்டும் முறையும், இன்றைய பழக்கங்களை மாற்றும் முறையும், வெறுமனே செவிசாய்ப்பதாகத் தோன்றும் முறையும் கிட்டத்தட்ட ஒரே அளவு பலன் தந்தன. இதை 1936-லேயே ஊகித்துச் சொன்னவர் சால் ரோசன்ஸ்வைக் என்ற இளம் உளவியலாளர். ஒன்றுக்கொன்று முரணான கொள்கை கொண்ட முறைகள் எல்லாம் வெற்றி பெறுகின்றன என்றால், அவற்றுக்குள் எவரும் பெயர் வைக்காத பொதுவான ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்றார் அவர்.

அந்தப் பொதுவான ஒன்றை முதலில் தெளிவாக விவரித்தவர் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். சிகிச்சை உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆராயும் வழக்கத்தை 1940-களில் தொடங்கிவைத்தவர் அவர்தான். மூடிய அறைக்குள் நடப்பதை ஆய்வுக்குத் திறந்துவிட்ட செயல் அது. 1957-இல் வெளியான புகழ்பெற்ற கட்டுரையில், வந்தவரின் உள்ளத்தை அவர் நின்ற இடத்திலிருந்து புரிந்துகொள்வது, நிபந்தனையின்றி அவரை மதிப்பது, சிகிச்சையாளர் தன்னளவில் உண்மையாக இருப்பது என்ற மூன்றையும் மாற்றத்துக்குத் தேவையான அடிப்படைகளுள் வைத்தார்.

1979-இல் எட்வர்ட் போர்டின் இதற்கு ஒரு செயல்வடிவம் கொடுத்தார். சிகிச்சையாளருக்கும் வந்தவருக்கும் இடையே மூன்று ஒப்புதல்கள் வேண்டும் என்றார். ஒன்று, இவரை நம்பலாம் என்ற பிணைப்பு. இரண்டு, நாம் எதை நோக்கிப் போகிறோம் என்பதில் ஒத்த கருத்து. மூன்று, அதற்காக வாராவாரம் என்ன செய்யப்போகிறோம் என்பதில் ஒத்த கருத்து. பிணைப்பு மட்டும் இருந்து, இலக்கு பொருந்தாவிட்டாலும் சிகிச்சை தடுமாறும். தன் தூக்கமின்மை தீர வேண்டும் என்று வந்தவரிடம் சிகிச்சையாளர் தொடர்ந்து அவருடைய தந்தையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தால், மரியாதை காரணமாக அவர் தலையாட்டுவார். நாலாவது வாரம் வரமாட்டார்.

இந்த உடன்பாட்டின் வலிமையை அளக்கக் கேள்வித்தாள்கள் இருக்கின்றன. 2018-இல் கிறிஸ்டோஃப் ஃப்ளூக்கிகரும் உடன் ஆய்வாளர்களும் 295 ஆய்வுகளை, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்தார்கள். உடன்பாட்டுக்கும் சிகிச்சையின் முடிவுக்கும் இடையிலான தொடர்பு ஏறக்குறைய 0.28 என்று வந்தது. தனியாகப் பார்த்தால் இது நடுத்தரமான எண்தான். ஆனால் முறை எதுவானாலும், நோய் எதுவானாலும், நாடு எதுவானாலும் இதே தொடர்பு திரும்பத் திரும்பத் தென்படுகிறது. உளச்சிகிச்சை ஆய்வில் இவ்வளவு உறுதியாக நிலைத்த முடிவுகள் மிகச் சில.

அன்பு மட்டும் போதாது

இவ்வளவும் கேட்டபின், நல்ல மனம் படைத்த ஒருவர் காதுகொடுத்துக் கேட்டாலே போதும் என்று தோன்றலாம். அது தவறு, சில நோய்களில் ஆபத்தான தவறும்கூட.

ஓ.சி.டி. எனப்படும் எண்ணச்சுழல் நோயை எடுத்துக்கொள்வோம். கையில் கிருமி ஒட்டியிருக்கிறது என்ற எண்ணம் ஒருவரை விடாமல் துரத்துகிறது. அவர் கைகழுவுகிறார், பதற்றம் சற்றுத் தணிகிறது. ‘கழுவினால் நிம்மதி’ என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை எண்ணம் இன்னும் வேகமாக வருகிறது. இந்த நேரத்தில் பாசமுள்ள மனைவியோ தாயோ, ‘சுத்தமாத்தான் இருக்கு, பயப்படாதே’ என்று சொன்னால், அந்த ஆறுதலும் கைகழுவுதல் செய்யும் வேலையையே செய்கிறது. நோய்க்கு அதுவும் தீனி. 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் வேறு வழியை முயன்றார். அஞ்சும் பொருளை நோயாளி படிப்படியாகத் தொட வேண்டும். தொட்டபின் கழுவாமல் இருக்க வேண்டும். பதற்றம் ஏறும், அதோடு இருக்கப் பழகினால் தானாகவே இறங்கும், அஞ்சியபடி எதுவும் நடக்கவில்லை என்பதை மூளை புதிதாகக் கற்கும். இன்று உலகெங்கும் ஓ.சி.டி.க்கு முதலில் பரிந்துரைக்கப்படும் உளச்சிகிச்சை இதன் வளர்ந்த வடிவம்தான். இதை அறியாத சிகிச்சையாளர் எத்தனை கனிவானவராக இருந்தாலும் அவரால் இந்த நோயாளிக்கு உதவ முடியாது.

இன்னொரு எடுத்துக்காட்டு. விபத்து, பேரிடர் போன்ற அதிர்ச்சிக்குப் பின் ஒரே ஓர் அமர்வில் நடந்ததையெல்லாம் விவரமாகச் சொல்லவைத்துக் கொட்டித்தீர்க்கச் செய்யும் வழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. நல்லெண்ணத்தில் பிறந்த முறைதான். முறையாகச் சோதித்துப் பார்த்தபோது அது பின்னாளைய மன அதிர்ச்சி நோயைத் தடுக்கவில்லை என்றும், சிலருக்கு நிலைமையை மோசமாக்கியிருக்கலாம் என்றும் தெரிந்தது. இன்று வழிகாட்டு நெறிகள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

ஆக, கைக்கு வந்த விடை இரண்டு பாதி கொண்டது. நம்பிக்கையும் உடன்பாடும் எல்லாச் சிகிச்சைக்கும் பொது. அதன்மேல், எந்தத் துன்பத்துக்கு எந்த உத்தி என்ற அறிவும் வேண்டும். இரண்டையும் ஒரே கையில் பிடிப்பதுதான் ஒருங்கிணைந்த சிகிச்சை.

ஒருங்கிணைப்பு என்பது கலவை அல்ல

பல முறைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொள்வது எளிது. அதற்குக் காரணம் சொல்வதுதான் கடினம். தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஆர்னால்ட் லசாரஸ் ஒரு வழி காட்டினார். ஒருவரின் துன்பத்தை ஏழு கோணங்களில் விசாரிக்கச் சொன்னார்: நடத்தை, உணர்ச்சி, உடல் உணர்வுகள், மனக்காட்சிகள், எண்ணங்கள், பிறருடனான உறவு, உடல்நலமும் மருந்தும். எந்தக் கோணத்தில் முடிச்சு இருக்கிறதோ அங்கே சோதித்து நிரூபிக்கப்பட்ட உத்தியைக் கையாள வேண்டும். அது எந்தப் பள்ளியில் பிறந்தது என்பது பொருட்டல்ல. பால் வாக்டெல் 1977-இல் வேறு வழியில் சென்றார். உளப்பகுப்பாய்வும் நடத்தைச் சிகிச்சையும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை என்று கொள்கை அளவிலேயே இரண்டையும் இணைத்து நூல் எழுதினார். இத்தகைய முயற்சிகளில் ஈடுபட்டவர்கள் கூடி 1983-இல் ஒரு பன்னாட்டுச் சங்கத்தையே தொடங்கினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவரோடொருவர் பேச மறுத்த பள்ளிகள் அங்கே ஒரே மேசையில் அமர்ந்தன.

இந்த இணைப்பால் உயிர்கள் காக்கப்பட்டிருக்கின்றன என்பதற்குச் சிறந்த சான்று உளவியலாளர் மார்ஷா லினெஹனின் பணி. கட்டுக்கடங்காத உணர்ச்சிப் பெருக்கால் மீண்டும் மீண்டும் தங்களைக் காயப்படுத்திக்கொள்ளும் பெண்களுக்குச் சியாட்டல் நகரில் அவர் சிகிச்சை அளித்துவந்தார். ‘இதை மாற்று, அதை மாற்று’ என்று வழக்கமான நடத்தைச் சிகிச்சை சொன்னபோது, தங்கள் வலியை யாரும் மதிக்கவில்லை என்று அவர்கள் உணர்ந்தார்கள், விலகினார்கள். ‘உன்னைப் புரிந்துகொள்கிறேன்’ என்று மட்டும் சொன்னபோது எதுவும் மாறவில்லை. ஆகவே லினெஹன் ஜென் பௌத்தத்திலிருந்து ஏற்றலையும் விழிப்புநிலையையும் எடுத்தார். நடத்தை அறிவியலிலிருந்து பயிற்சிகளை எடுத்தார். இரண்டையும் ஒரே சிகிச்சையாக்கினார். 1991-இல் வெளியான முதல் சோதனையில், ஓராண்டு இச்சிகிச்சை பெற்றவர்கள் தங்களைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்திருந்தது. மருத்துவமனையில் கழித்த நாள்களும் குறைந்திருந்தன. சிகிச்சையை விட்டு விலகியவர்களும் குறைவு. இளமையில் தாமும் அதே துன்பத்தோடு மனநல மருத்துவமனையில் இருந்தவர் என்பதை 2011-இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அந்தத் துணிவு எத்தனையோ நோயாளிகளுக்கு நம்பிக்கை தந்தது.

உறவுக்குள் இருக்கும் நோய்

தனிமனிதருக்குப் பொருந்திய இந்த உண்மை உறவுகளுக்கும் பொருந்தும். இங்கே நீல் ஜேக்கப்சனின் நேர்மையைச் சொல்லியாக வேண்டும்.

1970-களில் கணவன் மனைவிக்கான நடத்தைச் சிகிச்சையை வடிவமைத்தவர்களுள் முன்னணியில் இருந்தவர் அவர். தம்பதிகளுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பது, கொடுக்கல் வாங்கலாக உடன்படிக்கை செய்யவைப்பது அதன் உத்திகள். சோதனைகளில் வெற்றி கண்ட முறைதான். ஆனால் ஜேக்கப்சன் தம் முடிவுகளையே திரும்ப எடுத்துச் சலித்தார். சுமார் மூன்றில் ஒரு பங்குத் தம்பதிகளுக்கு முன்னேற்றம் இல்லை. முன்னேறியவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இரண்டு ஆண்டுகளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். தாம் உருவாக்கிய முறையின் குறையைத் தாமே எண்ணிக்கையில் வெளியிட்டார். பிறகு ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனோடு சேர்ந்து ஒருங்கிணைந்த தம்பதியர் சிகிச்சையை உருவாக்கினார். மாற்றத்தோடு ஏற்றலையும் சேர்த்ததுதான் அதில் புதியது.

அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அக்கா மகளின் சடங்குக்கு ஒரு சவரனில் நகை செய்ய வேண்டும் என்கிறார் மனைவி. கணவர் பேசாமல் செல்போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகிறார். ‘என் வீட்டு ஆட்கள்னா மட்டும் உங்களுக்கு வாய் வராது’ என்கிறார் மனைவி. அவர் இன்னும் இறுகுகிறார். இவர் குரல் இன்னும் உயர்கிறது. கேட்பவர்களுக்கு இது பணச் சண்டை.

இந்தச் சிகிச்சை அதை நான்கு படலங்களாகப் பிரிக்கிறது. முதலாவது, இருவரின் இயல்பு வேறுபாடு: ஒருவர் சேர்ப்பவர், மற்றவர் கொடுப்பவர். இரண்டாவது, ஒவ்வொருவரிடமும் தொட்டால் வலிக்கும் இடம்: கடன்காரர் வாசலில் நின்று அப்பாவைத் திட்டியதைப் பார்த்து வளர்ந்தவர் கணவர், வசதி குறைந்தவள் என்று சொந்தங்களுக்கு நடுவே ஒதுக்கப்பட்ட அனுபவம் மனைவிக்கு. மூன்றாவது, வெளிநெருக்கடி: வீட்டுக் கடன் தவணையும் மாமியாரின் அறுவைச் சிகிச்சைச் செலவும். நான்காவது, இவற்றிலிருந்து தப்ப இருவரும் கையாளும் வழி: ஒருவர் துரத்திக் கேட்கிறார், மற்றவர் ஒதுங்கி ஓடுகிறார். ஒதுங்குவதால் துரத்தல் கூடுகிறது. துரத்துவதால் ஒதுங்கல் கூடுகிறது. இருவருமே தங்கள் வலியைக் குறைக்கத்தான் முயல்கிறார்கள். இருவரின் முயற்சியும் சேர்ந்து வலியைப் பெருக்குகிறது.

சிகிச்சையாளர் முதலில் இருவரையும் குற்றச்சாட்டுக்குக் கீழே உள்ள வருத்தத்தைப் பேசவைக்கிறார். ‘நீங்க கஞ்சன்’ என்பதற்கு அடியில் ‘என் ஆட்கள் முன்னால நான் தலைகுனிஞ்சு நிக்கணுமா’ என்பது இருக்கிறது. அந்த வரியைக் கேட்கும்போது கணவரின் முகம் மாறும். அடுத்து, நடந்த சண்டையை இருவரும் சற்றுத் தள்ளி நின்று, மூன்றாவது மனிதர் பார்ப்பதுபோல, எந்தப் புள்ளியில் சுழல் தொடங்கியது என்று பார்க்கிறார்கள். எதிரி ‘நீ’ அல்ல, நாமிருவரும் சிக்கும் இந்தச் சுழல் என்பது விளங்குகிறது. மாறாத சில வேறுபாடுகளோடு வாழவும், சுழலில் விழுந்தால் சீக்கிரம் எழவும் பழகுகிறார்கள். மாற்றவேண்டியதை மாற்றும் பயிற்சிகள் அதன் பிறகே வருகின்றன. அப்போது அவை கட்டாயத்தால் அன்றி விருப்பத்தால் நிகழ்கின்றன.

லாஸ் ஏஞ்சலஸிலும் சியாட்டலிலும் நீண்டகாலமாகக் கடும் பிணக்கில் இருந்த 134 தம்பதிகளிடம் இது சோதிக்கப்பட்டது. ஜேக்கப்சன் 1999-இல் காலமானார். கிறிஸ்டென்சன் பணியை முடித்தார். சிகிச்சை முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னரும், ஒருங்கிணைந்த சிகிச்சை பெற்றவர்களில் பாதிப்பேர் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்ட நிலையில் இருந்தார்கள். நான்கில் ஒரு பங்கினர் பிரிந்திருந்தார்கள். ஐந்தாம் ஆண்டில் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் இடைவெளி சிறிதாகிவிட்டது. இது எல்லாரையும் சேர்த்துவைக்கும் மந்திரம் அல்ல. பிரிவின் விளிம்பில் நிற்பவர்களில் பாதிப்பேருக்கு ஐந்தாண்டு நல்வாழ்வு என்பதே அதன் உண்மையான அளவு. சிறிய சாதனை அல்ல அது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் துறை இந்த முறையைத் தன் சிகிச்சையாளர்களுக்குப் பயிற்றுவித்தது.

ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். அடி, மிரட்டல், அச்சம் இருக்கும் வீட்டில் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைப்பது சரியல்ல. அறையில் பேசிய உண்மைக்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். அங்கே முதல் தேவை பாதுகாப்பு. ‘அனுசரித்துப் போ’ என்று அடிபடுபவரிடம் சொல்வதற்கு உளச்சிகிச்சை என்று பெயரிட முடியாது. பெண்களுக்கான உதவி எண் 181 இதற்காகவே இயங்குகிறது.

அனைவருக்கும் இடம் உண்டா?

தொடக்கத்தில் எழுந்த மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்வி மிச்சம் இருக்கிறது: யாருக்கு வேலை செய்கிறது? 2008-இல் உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் முன்னணி அமெரிக்க உளவியல் இதழ்கள் சிலவற்றை ஆராய்ந்தபோது, ஆய்வில் பங்கேற்றவர்களில் நூற்றுக்கு 96 பேர் மேலைத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று தெரிந்தது. அந்த நாடுகளில் வாழ்பவர்கள் உலக மக்களில் 12 விழுக்காடுதான். யாரைக் கேட்காமல் அறிவியல் செய்யப்படுகிறதோ அவர்களை அது தவறாக எடைபோடும்.

இதற்கு வேதனையான வரலாறு இருக்கிறது. தன்பாலீர்ப்பை நோய் என்று மனநல மருத்துவம் பல பத்தாண்டுகள் வகைப்படுத்தியிருந்தது. 1957-இல் உளவியலாளர் எவலின் ஹூக்கர் தன்பாலீர்ப்புள்ள 30 ஆண்களுக்கும் மற்ற 30 ஆண்களுக்கும் உளச்சோதனைகள் நடத்தி, யாருடையது என்று சொல்லாமல் முடிவுகளை நிபுணர்களிடம் கொடுத்தார். அவர்களால் இரு குழுக்களையும் பிரித்தறிய முடியவில்லை. ஆனாலும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் பட்டியலிலிருந்து அதை நீக்க 1973 வரை ஆயிற்று. உலகச் சுகாதார நிறுவனம் நீக்க 1990 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் ‘குணப்படுத்துகிறோம்’ என்று செய்யப்பட்டவை எத்தனையோ வாழ்க்கைகளைச் சிதைத்தன. சிறுபான்மை நிலையில் வாழ்பவர்களின் மனச்சுமையை இலான் மேயர் 2003-இல் விளக்கினார். நோய் அவர்களுடைய அடையாளத்தில் இல்லை. ஒதுக்கல், வசை, மறைந்து வாழ வேண்டிய கட்டாயம், தன்னையே வெறுக்கக் கற்பிக்கும் சூழல் ஆகியவை சேர்ந்து உடலையும் மனத்தையும் தேய்க்கின்றன என்று காட்டினார்.

இந்த வகையில் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த ஆணை பெருமைக்குரியது. பெற்றோருக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த, தன்பாலீர்ப்புள்ள இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கு அது. தமக்கு இந்த வாழ்க்கையைப் பற்றிப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்ன நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஓர் உளவியலாளரோடு அமர்ந்து கற்றுக்கொண்டபின் ஆணையை எழுதினார். பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் ‘சிகிச்சை’களுக்கு அதில் தடை விதித்தார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய ‘சிகிச்சை’யைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது.

பாலீர்ப்பு மட்டும் பிரச்சினை அல்ல. சாதியின் பெயரால் விடுதியில் அவமதிக்கப்படும் மாணவர் தூக்கம் வராமல் சிகிச்சைக்கு வருகிறார் என்று வையுங்கள். ‘உங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று தொடங்கும் சிகிச்சையாளர், நடந்த அநீதியை அவருடைய கற்பனையாக்கிவிடுகிறார். முதலில் நடந்தது அநீதிதான் என்று ஏற்க வேண்டும். பிறகுதான் அதன் காயத்தை ஆற்றும் உத்தி. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் பாலினம், பாலீர்ப்பு, சமயம், சாதி, வர்க்கம், மாற்றுத்திறன் உள்ளிட்ட எந்த அடிப்படையிலும் பாகுபாடின்றி மனநலச் சேவை பெறும் உரிமையைத் தருகிறது. அனைவரையும் உள்ளடக்குவது சிகிச்சையாளரின் பெருந்தன்மை அல்ல, அவருடைய கடமை.

அது பலனையும் கூட்டுகிறது. 2006-இல் 76 ஆய்வுகளைத் தொகுத்த கிரைனரும் ஸ்மித் என்ற வேறோர் ஆய்வாளரும், பண்பாட்டுக்கு ஏற்பத் தகவமைத்த சிகிச்சைகள் பலன் தருவதையும், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்குத் தாய்மொழியில் அளித்த சிகிச்சை ஆங்கிலத்தில் அளித்ததைப்போல் இரு மடங்கு பலன் தந்ததையும் கண்டார்கள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மனநல மருத்துவராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம் இதை அனுபவத்தில் செய்துகாட்டினார். மேலை நாட்டுத் தளர்வுப் பயிற்சிகளுக்கு இணையாகச் சாந்தி ஆசனத்தையும், அவரவர் சமயத்துக்கு உரிய சொல்லை உருவேற்றுவதையும் பயன்படுத்தினார். குண்டுவீச்சும் இடப்பெயர்வும் தாக்கியது தனி மனங்களை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துத்தான். எனவே ஆற்றுதலும் கூட்டாகவே நடக்க வேண்டும் என்று எழுதினார்.

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவதில் இந்தியாவுக்குத் தனி வரலாறே உண்டு. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்திலேயே கூடாரங்கள் அடித்து நோயாளிகளின் உறவினர்களைத் தங்கவைத்தார். நோய் என்ன, வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அவர்களோடு நாள்தோறும் பேசினார். பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனமும் குடும்பத்தோடு தங்கும் சிகிச்சையை வளர்த்தெடுத்தன. நோயாளியை வீட்டிலிருந்து பிரித்துப் பூட்டிவைப்பதே வழக்கமாக இருந்த காலத்தில் இது நடந்தது.

இன்னும் எட்டாத தூரம்

நிம்ஹான்ஸ் 2015–16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் குறையோடு வாழ்கிறார்கள். நோய்க்கு ஏற்ப அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர்வரை சிகிச்சை பெறுவதில்லை. எத்தனை நுட்பமான சிகிச்சையும் ஆளைச் சென்றடையாவிட்டால் வீண்தான்.

வழி இல்லாமல் இல்லை. கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் உடன் ஆய்வாளர்களும் உளவியல் பட்டமில்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை அளிக்கவைத்தார்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள். முடங்கிப்போன அன்றாடச் செயல்களை மெல்ல மீட்டெடுப்பது மையம். தேவைப்பட்டால் குடும்பத்தினரும் உடன். மூன்று மாதத்தில் இதைப் பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் நோயறிகுறி நீங்கப்பெற்றார்கள். வழக்கமான மருத்துவக் கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் அது 39 விழுக்காடு. முடிவு லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. உள்ளூர் மொழி, உள்ளூர் மனிதர், நிரூபிக்கப்பட்ட உத்தி என்ற மூன்றும் சேர்ந்த இந்த மாதிரியைத் தமிழ்நாட்டின் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கொண்டுவர முடியும். மக்களைத் தேடிச் சென்று சர்க்கரை நோய்க்கு மாத்திரை கொடுக்க முடிந்த மாநிலத்துக்கு இது இயலாத செயல் அல்ல.

சிகிச்சை தேடும் வாசகருக்குச் சில வார்த்தைகள். மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவரிடம் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். என் தொல்லைக்கு எந்த முறையைக் கையாளப்போகிறீர்கள், ஏன், எத்தனை வாரம் ஆகலாம், பலன் தெரிகிறதா என்பதை எப்படி அளப்போம் என்று கேளுங்கள். உங்கள் சாதி, சமயம், பாலீர்ப்பு, மணவாழ்வு குறித்து அவர் தீர்ப்புச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். சில வாரங்களில் மனம் ஒட்டவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லுங்கள்; நல்ல சிகிச்சையாளர் கோபிக்க மாட்டார், போக்கை மாற்றுவார். அப்படியும் சரியாகாவிட்டால் வேறொருவரை நாடுவது உங்கள் உரிமை. மருந்து தேவைப்படும் நோய்க்கு மருந்தை நிறுத்திவிட்டுப் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டும் சேர்ந்தே பல நோய்களில் சிறந்த பலன் தருகின்றன.

யாரை அணுகுவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் ‘டெலி மானஸ்’ சேவை அது. கட்டணம் இல்லை, இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.